தமிழ் மீடியத்தில் படித்தேன், பிஎஸ்சி நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. முதல் செமஸ்டருக்கு எப்படித் தயாராவது?

கல்லூரி திறக்க ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் அனாட்டமி (உடற்கூறியல்) புத்தகத்தை வாங்கிப் படித்து முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நானும் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம்தான். 2021-22இல் செமஸ்டர் முறை வந்தபோது சேர்ந்த முதல் பேட்ச், இப்போது மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். சேர்வதற்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். தெரிந்த அக்கா ஒருவரிடம் பழைய புத்தகம் வாங்கி, அர்த்தம் புரியாமலேயே ஐம்பது பக்கம் மனப்பாடம் செய்தேன். வகுப்பு தொடங்கிய இரண்டாம் வாரம் மேடம் தொடை எலும்பைக் கையில் கொடுத்து, "இது வலது காலா இடது காலா, பிடிச்சுக் காட்டு" என்றார். அப்படியே நின்றேன். மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

எனக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டியது வார்த்தைகள். நர்சிங்கில் வரும் ஆங்கிலம் நாம் பயப்படுகிற ஆங்கிலமே இல்லை, பாதிக்கு மேல் துண்டு துண்டாகச் சேர்த்த சொற்கள். கார்டியோ என்றால் இதயம், ஹெபட்டோ என்றால் கல்லீரல், நெஃப்ரோ என்றால் சிறுநீரகம். டாக்கி என்று தொடங்கினால் வேகம், பிராடி என்றால் மெதுவு, கடைசியில் ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி. இதைத் தெரிந்துகொண்டால் டாக்கிகார்டியா, ஹெபடைடிஸ், நெஃப்ரைடிஸ் எல்லாம் தானாகப் பிரிந்துவிடும். அப்புறம் திசைச் சொற்கள்: ஆன்டீரியர் (முன்பக்கம்), போஸ்டீரியர் (பின்பக்கம்), மீடியல் (உடம்பின் நடுக்கோட்டை ஒட்டி), லேட்டரல் (நடுக்கோட்டிலிருந்து விலகி), பிராக்ஸிமல் (கை, கால் உடம்போடு சேரும் இடத்துக்குக் கிட்டே), டிஸ்டல் (அந்த இடத்திலிருந்து தள்ளி). இந்த ஆறையும் கண்ணாடி முன் நின்று உங்கள் உடம்பையே தொட்டுச் சொல்லிப் பழகுங்கள். முழங்கை மணிக்கட்டுக்கு பிராக்ஸிமல், விரல் நுனி மணிக்கட்டுக்கு டிஸ்டல், இப்படி. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை எழுதினால்கூட ஒரு மாதத்தில் முந்நூறு. முதல் நாள் வகுப்பில் மேடம் பேசுவது காதில் விழும்போது அது எவ்வளவு பெரிய தைரியம் என்று உங்களுக்கே தெரியும்.

பாடங்களைப் பொறுத்தவரை அனாட்டமியும் பிசியாலஜியும் (உடல் இயங்கும் விதம்) பல்கலைக்கழகத் தேர்வில் ஒரே வினாத்தாளில் வரும், இரண்டும் தனித்தனிப் பகுதி. சோஷியாலஜியும் சைக்காலஜியும் அதேபோல. தியரிக்கு 75, கல்லூரியே போடும் இன்டர்னல் மதிப்பெண் 25. ஆங்கிலத்துக்குக் கல்லூரி அளவிலேயே தேர்வு. இதெல்லாம் அங்கே போனதும் நூறு முறை சொல்வார்கள்.

ஆனால் ஒன்றை யாரும் அழுத்திச் சொல்ல மாட்டார்கள். நர்சிங் ஃபவுண்டேஷனுக்கு முதல் செமஸ்டரில் பல்கலைக்கழகத் தேர்வு கிடையாது, இன்டர்னல் மட்டும்தான், அது இரண்டாம் செமஸ்டரில் சேர்த்துக்கொள்ளப்படும். அதனாலேயே பாதிப் பேர் அதை ஓரமாக வைத்துவிட்டு அனாட்டமியிலேயே கிடப்பார்கள். நானும் கிடந்தேன். உண்மையில் முதல் செமஸ்டரில் நாம் நர்ஸ் ஆகக் கற்றுக்கொள்கிற ஒரே பாடம் அதுதான். பெட் மேக்கிங், கை கழுவுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, பிபி பார்ப்பது, எல்லாம் அங்கேதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வார்டுக்குப் போக ஆரம்பித்த புதிது. ஒரு தாத்தா, நுரையீரல் பிரச்சினையோடு சேர்ந்தவர். டெம்பரேச்சர் பார்த்தேன், நாடி பிடித்து எண்ணினேன், மூச்சை மட்டும் எண்ணவில்லை. சார்ட்டில் முந்தைய வேளைகளில் 20, 22, 20 என்று இருந்தது, நானும் 20 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார், திட்டவில்லை, "இங்க வா" என்றார். "கையை விடாம பிடிச்சுக்கோ. நெஞ்சைப் பாரு. எண்ணு." அப்போதுதான் பார்த்தேன், கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்துக்கு 34. உடனே டாக்டரைக் கூப்பிட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். எல்லாம் அடங்கிய பிறகு சிஸ்டர் என்னிடம், "நீ எழுதுன இருபதை நம்பித்தான்மா டாக்டர் இவரைத் தாண்டிப் போவாரு" என்றார். நான்காம் நாள் தாத்தா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நெஞ்சு லேசானது.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் இருக்கும் இந்த ஒரு மாதத்தில் எண்ணிப் பழகுங்கள். வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், எப்படியும் அது தேவைப்படும். பாட்டியோ அம்மாவோ உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடியைத் தேடுங்கள். உங்கள் கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதிலேயே துடிப்பு இருக்கிறது, உங்களுடையதையே எண்ணிவிடுவீர்கள். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், வயது வந்தவர்களுக்கு 60 முதல் 100 வரை சாதாரணம். பிறகு கையை விடாமல், இன்னும் நாடி பார்ப்பது போலவே இருந்து, மூச்சை எண்ணுங்கள், 12 முதல் 20. மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் யாராக இருந்தாலும் மூச்சு விடும் விதம் மாறிவிடும். எண்ணியதை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். எண்ணாததை எழுதாதீர்கள், வீட்டில்கூட.

ஸ்டெதாஸ்கோப், ஷூ எல்லாம் இப்போதே விலை கொடுத்து வாங்க வேண்டாம், கல்லூரி என்ன சொல்கிறது என்று பார்த்து வாங்கலாம். உடம்பை மட்டும் இப்போதே கவனியுங்கள். காலையில் சாப்பிட்டுப் பழகாதவர் என்றால் பழகுங்கள். வார்டில் மணிக்கணக்காக நிற்க வேண்டும், எங்கள் பேட்சில் முதல் வாரமே வெறும் வயிற்றோடு வந்த இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், ரத்தம் பார்த்து இல்லை, பசியில். ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. சின்ன வயதில் போட்டதற்குக் கார்டு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் காட்டிக் கல்லூரிக்குப் போகும் முன்பே முதல் ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது. மொத்தம் மூன்று: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அந்த மூன்றாவது ஊசி ஏறக்குறைய முதல் செமஸ்டர் தேர்வு நேரத்தில் வரும், தேர்வுப் பரபரப்பில் அதை விட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால் தேதியை இப்போதே போனில் குறித்து வையுங்கள்.