பாட்டியின் கேஸ் கட்டு எங்கே?

கேள்வி: என் கணவர் பதினேழு வருடமாக வக்கீல். எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் சிவில் கேஸ்கள்தான் அதிகம். அந்த வருமானத்தில்தான் மாடி கட்டினோம், பெண்ணை இன்ஜினீயரிங் சேர்த்தோம். போன தேர்தலில் எம்.எல்.ஏ. ஆனதிலிருந்து அவர் வீடு தங்குவதே இல்லை. எம்.எல்.ஏ. கோர்ட்டுக்குப் போகலாமா என்று மாமனார் வேறு கேட்கிறார். கேஸ் கட்டுகள் தூசி படிந்து கிடக்கின்றன. கேட்டால், ஜூனியர் பையன் பார்த்துக்கொள்வான் என்கிறார். நில வழக்கு போட்ட ஒரு பாட்டி, சந்தைக்கு வரும் புதன்கிழமைகளில் வந்து வாய்தா எப்போது என்று கேட்பார். பாவம், காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். வக்கீல் தொழிலை விட்டுவிடச் சொல்லலாமா? எனக்கு நிம்மதியே போய்விட்டது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மாமனாரின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாக இருக்கக்கூடாது என்ற, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 49 மக்கள் பிரதிநிதிக்குப் பொருந்தாது. அமைச்சரானால் மட்டும் கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட வேண்டும்.

உங்கள் நிம்மதி இருக்கட்டும் சகோதரி. அந்தப் பாட்டி எத்தனை புதன்கிழமை வந்தார்? ஒரு தடவையாவது அவர் கட்டைப் பிரித்துப் பார்த்தீர்களா? கணவரின் தொழில், எனக்கென்ன தெரியும் என்று சொல்லாதீர்கள். உங்கள் மாடியில் அந்தப் பாட்டி கொடுத்த ஃபீஸும் இருக்கிறது. வாசலுக்கு வந்தவருக்குக் காபி கொடுத்தால் கடமை முடிந்துவிடாது.

சட்டமன்றம் கூடுவதும் காலையில், கோர்ட் கூடுவதும் காலையில். வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பதையே வாய்தாவுக்கு, அதாவது வழக்கைத் தள்ளிவைப்பதற்கு, காரணமாக ஏற்காத சட்டம், சபையில் இருக்கிறார் என்பதற்காக இரங்கிவிடாது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 17. நீதிபதிகள் கொஞ்சம் தளர்த்துவார்கள், எப்போதும் அல்ல. எதிர்த் தரப்பு வந்து நின்று, பாட்டி தரப்பில் யாரும் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி. அதே காரணத்துக்குப் புது வழக்கும் போட முடியாது. தள்ளுபடியான 30 நாளுக்குள் மறுபடி கோப்பில் எடுக்க மனுப் போட வேண்டும். அதைத் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு. அதில் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். "என் வக்கீல் எம்.எல்.ஏ. ஆகிவிட்டார்" என்று பாட்டி எழுதிக் கொடுப்பதா?

இன்றே பாட்டியின் கேஸ் கட்டை எடுங்கள். மேலட்டையில் வழக்கு எண் இருக்கும். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதியும் வழக்கின் நிலையும் தெரியும். முடிந்துவிட்டது என்று காட்டினால் அன்றைக்கே குமாஸ்தாவை அனுப்பி உத்தரவு நகலுக்கு மனுப் போடச் சொல்லுங்கள். பிறகு கணவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து, எல்லாக் கட்டுகளையும் கேஸ் டைரியோடு ஒத்துப் பாருங்கள். அவர் நடத்த முடியாதவற்றுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வேறு வக்கீலுக்கு வக்காலத்து (வழக்கை நடத்தக் கட்சிக்காரர் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) மாற்றித் தரட்டும். மூலப் பத்திரங்களைக் கட்சிக்காரர் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். பார் கவுன்சில் விதியே அதுதான். சாட்சி விசாரணை நடக்கும் வழக்கு எதையும் அவர் வைத்துக்கொள்ளக் கூடாது. குறுக்கு விசாரணை நடுவில் சென்னைக்குப் போகிறவரால் யாருக்கும் பிரயோஜனமில்லை. அப்பீல், சட்டக் கருத்து சொல்வது, மனு எழுதித் தருவது போதும்.

இன்னொன்று. "பாட்டிக்காகத் தாசில்தாருக்கு ஒரு போன் போடுகிறேன்" என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள். எதிர்த் தரப்பும் அவர் தொகுதிக்காரர்தான்.

தொழிலை விடச் சொல்லாதீர்கள். பதவி ஐந்து வருடம். அதற்குப் பிறகும் வீடு ஓட வேண்டும். கறுப்புக் கோட்டில் சம்பாதிக்கத் தெரிந்தவருக்குக் கமிஷன் காசு தேவைப்படாது என்பது என் எண்ணம். ஆனால் பெயரை மட்டும் வக்காலத்தில் வைத்துக்கொண்டு ஜூனியர் தலையில் கட்டுவது தொழில் அல்ல. பையன் பெயரும் வக்காலத்தில் ஏறட்டும், கட்சிக்காரரின் சம்மதத்தோடு. அவனுக்கு என்ன கொடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பெட்ரோல் காசுதான் என்று நினைக்கிறேன். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது மாதாமாதம் தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைக்கு வருவது கட்சிச் செலவுக்கே சரியாகிறது என்று கணவர் சொல்வார். எம்.எல்.ஏ. சம்பளத்தை 2018-ல் 1,05,000 ஆக்கினார்கள். அதிலிருந்து முதல் தேதியன்று பையனுக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கட்சிக்குச் செலவழிக்கட்டும்.