லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா?

கேமரா பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சொன்னபோது, எந்த மாடல் நல்லது, எந்த லென்ஸ் கூர்மை என்றுதான் கேட்பீர்கள் என நினைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் வாரண்டி பற்றி! பல வருடம் பழுதுபார்க்கும் மேசையில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தவனுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

சிட்டி ஹால் பக்கம் ஒரு கடையில் ஒரே கேமராவுக்கு இரண்டு விலை சொன்னார்கள். லோக்கல் செட் 3,200 வெள்ளி, எக்ஸ்போர்ட் செட் 2,750. "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார் கடைக்காரர். அப்படியானால் எதற்கு இரண்டு விலை? (தெம்பனிஸ் வாசகர்)

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாதியோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். கேமரா ஒன்றேதான்; அதே தொழிற்சாலை, அதே சென்சார். போலியும் இல்லை, திருட்டுச் சரக்கும் இல்லை. தயாரிப்பாளர் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விலை வைக்கிறார். நாணய மதிப்பும் ஏறி இறங்குகிறது. 2024 ஜூலையில் ஓர் அமெரிக்க டாலருக்கு 160 யென்னுக்கு மேல் கிடைத்தது நினைவிருக்கும். விலை இறங்கிய நாட்டில் மொத்தமாக எடுத்து விலை ஏறிய நாட்டில் விற்பவர்கள் உண்டு. கிரே மார்க்கெட் என்பது இதுதான். இப்படி வரும் சரக்கைத்தான் எக்ஸ்போர்ட் செட் என்கிறார்கள்; அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வருவது லோக்கல் செட். சிங்கப்பூரில் இது குற்றமில்லை. அசல் சரக்கை அதிகாரபூர்வ விநியோகஸ்தர் அல்லாத ஒருவர் கொண்டுவந்து விற்க இங்குள்ள வர்த்தக முத்திரைச் சட்டம் இடம் தருகிறது.

அந்த 450 வெள்ளி எங்கே போகிறது என்பதுதான் விஷயம். லோக்கல் செட்டின் விலைக்குள் இங்குள்ள சர்வீஸ் சென்டரின் வாடகை, டெக்னீஷியன் சம்பளம், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் அடக்கம். எக்ஸ்போர்ட் செட் கொண்டுவந்தவர் அந்தச் செலவில் ஒரு காசும் தரவில்லை. அதனால் நாளைக்கு ஷட்டர் சிக்கிக்கொண்டு நீங்கள் அந்த கவுன்டருக்குப் போனால், சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் சரக்கு இல்லை" என்பார்கள். இலவசமாகப் பார்க்க மாட்டார்கள். காசு கொடுத்தால் பார்ப்பார்களா என்பது கம்பெனியைப் பொறுத்தது. அமெரிக்காவில் நிக்கான், கிரே சரக்கைக் காசு கொடுத்தாலும் தொடாது. எனவே வாங்குவதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நான் என்ன செய்வேன்? கல்யாணம், தைப்பூசம் என்று கேமராவை வைத்துச் சம்பாதிப்பவர் என்றால் யோசிக்காமல் லோக்கல் செட். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) படுத்துவிட்டால் 450 வெள்ளி ஒரு பொருட்டே இல்லை. வார இறுதியில் பூங்காவில் பறவைகளைப் படம் பிடிப்பவர் என்றால் துணியலாம். ஆனால் இந்தக் காலத்து மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) பாடியில் மெயின் போர்டு போனால், வரும் பில்லைப் பார்த்து புதிதே வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் பணம் கட்டுவதற்கு முன் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டி, பாடி, வாரண்டி கார்டு மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா? கார்டில் சிங்கப்பூர் என்று இருக்கிறதா, வேறு நாட்டின் பெயரா? சார்ஜரில் நம் ஊர் மூன்று முள் பிளக் இருக்கிறதா, அல்லது இரண்டு முள்ளும் அதோடு ஒரு மலிவு அடாப்டரும் தருகிறார்களா? அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இல்லையென்றால் வீட்டுச் சுவரில் சொருகாதீர்கள். கடையில் நிற்கும்போதே கம்பெனியின் சிங்கப்பூர் இணையத்தளத்தில் சீரியல் எண்ணைப் பதிந்து பாருங்கள். ஏற்றுக்கொள்ளாவிட்டால் "லோக்கல் செட்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

டிசம்பரில் குடும்பத்தோடு டோக்கியோ போகிறோம். அங்கே கேமரா மலிவு, வரியும் இல்லை என்கிறார்கள். வாங்கலாமா? (பொங்கோல்)

ஜப்பானில் விற்பனை வரி 10 விழுக்காடு. சுற்றுப்பயணிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. சாங்கியில் இறங்கும்போது இங்குள்ள ஜிஎஸ்டி காத்திருக்கிறது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்துவிட்டு வந்தால் 500 வெள்ளி வரை சலுகை. அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளிதான். கேமரா 3,000 வெள்ளி என்றால் மீதி 2,500க்கு 9 விழுக்காடு, அதாவது 225 வெள்ளி கட்ட வேண்டும். கேமராவுக்குச் சுங்க வரி கிடையாது, ஜிஎஸ்டி மட்டும். வருவதற்கு முன்பே சுங்கத்துறையின் செயலியில் கட்டிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு, வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்துவிடலாம் என்று சொல்லும் மச்சான் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். பிடிபட்டால் அபராதத்தை அவர் கட்ட மாட்டார்.

அடுத்தது மொழி. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் வரும். ஆங்கிலத்துக்கு மாற்றும் வழியே அதில் இருக்காது. வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் மாற்றித்தரச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. கை விரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பெரிய கடைகளில் வெளிநாட்டவருக்காகப் பல மொழி மாடலைத் தனியாக வைத்திருப்பார்கள், அதன் விலையும் தனி. விலையை ஒப்பிடும்போது அந்த மாடலின் விலையை எடுங்கள். கடையில் கேமராவை முடுக்கி, மெனுவைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

மூன்றாவது வாரண்டி. ஜப்பானிய கார்டு பெரும்பாலும் ஜப்பானுக்குள்தான் செல்லும். பழுதானால் தபாலில் அனுப்ப வேண்டும், அங்கே பெற்றுக்கொண்டு பேச ஓர் ஆள் வேண்டும். இத்தனையும் கூட்டிக் கழித்த பிறகு மிச்சம் நானூறு ஐந்நூறு வெள்ளி நின்றால் வாங்குங்கள். நூறு, நூற்றைம்பதுக்கு வேண்டாம். அங்கே பழைய லென்ஸ் வேட்டைக்குப் போனால் மட்டும் எனக்கும் சொல்லுங்கள். தரத்தை நேர்மையாக எழுதி ஒட்டியிருப்பார்கள்.

கடையில் "இன்டர்நேஷனல் வாரண்டி" என்று இரண்டு வருடக் கார்டு கொடுத்தார்கள். அது செல்லுமா? (ஈசூன்)

கார்டைத் திருப்பிப் பாருங்கள். கேமரா கம்பெனியின் பெயரும் எந்தெந்த நாட்டில் செல்லும் என்ற பட்டியலும் இருந்தால் சரி. கடையின் முத்திரையும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டும் இருந்தால், அது அந்தக் கடை உங்களுக்கு எழுதிக் கொடுத்த கடிதம். கடை இருக்கும் வரை செல்லும்.

இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடையில் ஃபிளாஷ் வாங்கி, இப்படி ஒரு கார்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். பதினோராவது மாதம் பழுது. போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

வாரண்டி என்ற சொல்லை வைத்தே பணம் பிடுங்கிய கதையும் இங்கே நடந்திருக்கிறது. 2014இல் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் ஒரு வியட்நாமியச் சுற்றுப்பயணி 950 வெள்ளி கட்டி ஐபோன் வாங்கினார். அதன் பிறகு வாரண்டிக்கு இன்னொரு 1,500 வெள்ளி கேட்டார்கள். மனிதர் மண்டியிட்டு அழுத காட்சியை ஊரே பார்த்தது. கடை முதலாளிக்கு மறுவருடம் 33 மாதச் சிறை. வாரண்டிக்குத் தனிக் காசு என்று பேச்சு எழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எக்ஸ்போர்ட் செட் வாங்கி நான்கு மாதத்தில் ஆட்டோஃபோகஸ் போய்விட்டது. "ஹாங்காங் அனுப்பணும், ரெண்டு மாசம் ஆகும், கூரியர் செலவு உங்களுது" என்கிறார்கள். நான் ஏமாந்ததுதானா? (புக்கிட் பாத்தோக்)

இல்லை. உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் உங்களுக்கே தெரியவில்லை.

லெமன் சட்டம் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அது 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். பழுதுபார்த்துத் தரலாம், மாற்றித் தரலாம். அதை நியாயமான காலத்துக்குள், உங்களைப் பெரிதாக அலைக்கழிக்காமல், தன் செலவில் செய்ய வேண்டும். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. கவனியுங்கள், இந்தச் சட்டம் பிடிப்பது தயாரிப்பாளரை அல்ல, உங்களுக்கு விற்ற கடையை. லோக்கல் செட், எக்ஸ்போர்ட் செட் என்ற பேதம் அதற்குத் தெரியாது. கூரியர் செலவு உங்களுடையது என்பதெல்லாம் சும்மா பேச்சு.

என்ன குறை, எப்போது வந்தது, என்ன கேட்கிறீர்கள் என்று முதலில் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள். அசையாவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வேண்டாம், வைக்கவும் அனுமதி இல்லை. பல நேரம் மன்றத்தின் பெயரைச் சொன்னதுமே கடைக்காரருக்கு ஹாங்காங் ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும்.

வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கியிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். இங்கே பிடிக்க ஆளே இருக்காது. என்னைக் கேட்டால், கிரே என்றாலும் கதவு உள்ள கடையில் வாங்குங்கள் என்பேன்.

அண்ணே, நான் வொர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். ஊரில் தம்பி ஸ்டூடியோ வைத்திருக்கிறான். இங்கே லோக்கல் செட்டாகவே வாங்கிக்கொண்டு போனால் தஞ்சாவூரில் வாரண்டி கிடைக்குமா? ஜிஎஸ்டி திரும்ப வருமா? (ஜூரோங்)

தம்பி, இரண்டுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் லோக்கல் செட் இந்தியாவுக்குள் போனதும் அங்கே அதுதான் கிரே செட்! இந்தியாவில் முறைப்படி விற்கும் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் அதிகபட்ச விலையும் ஒட்டியிருக்கும். அது இல்லாத பெட்டியும் சிங்கப்பூர் பில்லும் அங்குள்ள சர்வீஸ் சென்டரில் வாரண்டிக்கு உதவுவது அபூர்வம்.

சுற்றுப்பயணிகளுக்கு ஜிஎஸ்டி திருப்பித் தரும் திட்டம் வொர்க் பெர்மிட் உள்ளவர்களுக்குக் கிடையாது. சென்னையிலோ திருச்சியிலோ சுங்கத்தில் வரம்புக்கு மேல் வரி கட்ட வேண்டி வரலாம், அதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டூடியோ என்றால் தினம் ஓடும் பாடி. அதை உங்கள் தம்பியே தஞ்சாவூரில் பில்லோடு வாங்கட்டும். இங்கிருந்து அவருக்கு நல்ல லென்ஸாக ஒன்று கொண்டுபோங்கள்.

லென்ஸை மட்டும் கிரேயில் வாங்கலாமா? (செங்காங்)

வாங்கலாம். பாடி அளவுக்கு லென்ஸ் படுத்துவதில்லை. சில கம்பெனிகள் லென்ஸுக்கு மட்டும் உலகளாவிய கார்டு தருகின்றன, கேட்டுப் பாருங்கள். வெள்ளைப் பெட்டியில் வரும் லென்ஸ், பாடியும் லென்ஸும் சேர்த்து விற்கும் கிட்டிலிருந்து பிரித்தது. தனிக் கார்டு இருக்காது. அதற்கேற்ற விலை கொடுங்கள், போதும்.

பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலியில் ஒருவர் "வாரண்டி எட்டு மாதம் மிச்சம்" என்று விற்கிறார். (அங் மோ கியோ)

முதல் பில்லும் கார்டும் கைக்கு வருகிறதா, பெயர் மாறினாலும் வாரண்டி செல்லுமா என்று கம்பெனியிடம் கேளுங்கள். தனியாள் தனியாளுக்கு விற்பதில் லெமன் சட்டம் உதவாது. நேரில் பார்த்து, ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று சரிபார்த்து வாங்குங்கள்.

லோக்கல் செட்தான், வாரண்டியும் இருக்கிறது. லென்ஸுக்குள் பூஞ்சை. சர்வீஸ் சென்டரில் காசு கேட்கிறார்கள். இது நியாயமா? (தோ பாயோ)

நியாயம்தான். பூஞ்சை தயாரிப்புக் குறை இல்லை, நம் ஊர்க் காற்றின் வேலை. எந்தக் கார்டும் அதற்கு ஈடு தராது. டிரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) ஒன்று வாங்கி ஈரப்பதத்தை 40க்கும் 50 விழுக்காட்டுக்கும் நடுவில் வையுங்கள். இடமில்லை என்றால் காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். ஈரத்தை உறிஞ்சும் என்று அரிசி போட வேண்டாம். அரிசித் தூசியைத் துடைத்தே எனக்கு ஒரு காலத்தில் பாதிச் சம்பளம் வந்தது.