அவலாஞ்சியில் அவள் கேட்ட கேள்வி

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு மேற்படிப்பு பற்றி யோசனை கேட்கக் குன்னூருக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார். கொழுந்து பறிக்கிற கை, உட்கார்ந்த நேரம் முழுக்க முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் உயிரியல் 97. நீட் விடைக்குறிப்பை வைத்துக் கூட்டிப் பார்த்ததில் தகுதி மதிப்பெண் தேறுகிறது, 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில்கூட சீட் தேறாது. திருப்பூரில் இருக்கும் தாய்மாமா வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஏஜென்ட் பிடித்துவிட்டார். 28 லட்சம். மாமனார் விட்டுப்போன முக்கால் ஏக்கர் தேயிலையை விற்றுவிடலாம் என்பது அவர் கணக்கு.

"பயப்படாதீங்கம்மா, வழி இருக்கு" என்று முதல் ஐந்து நிமிடம் நானும் சொன்னேன். ஏஜென்ட் கொடுத்த காகிதத்தைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அம்மா, அந்த 28 லட்சத்தோடு செலவு முடியாது. படித்துத் திரும்பினால் இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். அதன்பின் இங்கேயும் பயிற்சி மருத்துவராக வேலை பார்க்க வேண்டும். தேர்வில் தவறினால் கோச்சிங், விடுதி, இன்னொரு வருடம். நிலம் போன பிறகு அந்தப் பணத்துக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்? ஒன்பதாவது படிக்கும் பையனுக்கு என்ன இருக்கும்? உங்கள் அண்ணன் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை. இதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. நிலத்தை விற்காதீர்கள்.

நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் பிள்ளையிடம் பேசினேன். நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில், "எனக்கு டாக்டர் ஆசை இல்லை சார், சொன்னா அம்மா அழுவாங்க" என்றாள். வேறு எது பிடிக்கும் என்றதும் முகமே மாறியது. பிளஸ் ஒன் டிசம்பரில் பள்ளியில் ஊட்டிப் பக்கத்து அவலாஞ்சியில் இருக்கும் டிரவுட் மீன் பண்ணைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். எச்.சி.வில்சன் என்பவர் 1907இல் தொடங்கிய மீன்குஞ்சு பொரிப்பகம் அது. தாய்மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டை எடுப்பதைப் பார்த்துவிட்டு இவள் கேட்டாளாம்: "இந்தத் தண்ணி சூடாயிட்டா குஞ்சு எல்லாம் ஆணா பொறக்குமா?" பதில் யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை வருடமாக அந்தக் கேள்வியை மனதிலேயே வைத்திருக்கிறாள்.

அம்மா, அது விளையாட்டுக் கேள்வி இல்லை. உலகத்தில் பெரிய ஆய்வகங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. அவலாஞ்சியில் இருக்கும் வானவில் டிரவுட்டில் ஆணா பெண்ணா என்பதைப் பெரும்பாலும் ஒரு மரபணு முடிவு செய்கிறது. 2012இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். எல்லா மீனுக்கும் அப்படி இல்லை. அட்லாண்டிக் கரையோரம் சில்வர்சைடு என்று ஒரு சின்ன மீன். குளிர்ந்த நீரில் வளர்ந்த குஞ்சுகளில் பெண் அதிகம், வெதுவெதுப்பான நீரில் ஆண் அதிகம் என்று 1981இல் கானோவர், கைனார்டு என்ற இருவர் காட்டினார்கள். ஐரோப்பியக் கடல் பாஸ் மீனில் இதன் உள்வேலை 2011இல் தெரியவந்தது. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதிக்கான மரபணுவின் மேல், குஞ்சுப் பருவத்துச் சூடு மெத்தில் என்ற வேதிக் குறிகளைக் கூடுதலாக ஏற்றிவிடுகிறது. மரபணுவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பூட்டு மட்டும் விழுகிறது; பெண் ஹார்மோன் குறைந்து ஆண் குஞ்சுகள் கூடுகின்றன.

அந்தப் பூட்டு அடுத்த தலைமுறைக்கும் போகுமா? சீனக் கடலின் நாக்குமீனில் போகிறது. மரபணுப்படி பெண்ணாக வேண்டிய குஞ்சு சூட்டில் ஆணாகிறது. அதற்குப் பிறக்கும் மரபணுப் பெண்கள் சாதாரண வெப்பத்தில் வளர்ந்தாலும் ஆணாகின்றன. அப்பனிடமிருந்த மெத்தில் குறிகள் அவற்றிடமும் இருந்ததை 2014இல் பார்த்தார்கள். மெடாக்கா என்ற ஜப்பான் மீனின் கருவை முதல் ஏழு நாள் மட்டும், பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பிஸ்பீனால்-ஏ கலந்த நீரில் வைத்தார்கள். பிறகு நல்ல தண்ணீர்தான். பேரன் தலைமுறையில் முட்டை கருவுறுவது குறைந்தது. அதற்கடுத்த தலைமுறையில் கரு பிழைப்பது குறைந்தது. கனடாவில் ஒரு ஏரி முழுவதிலும், கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் 2001 முதல் 2003 வரை கலந்து பார்த்தார்கள். அங்கிருந்த ஒரு சிறுமீன் இனத்தில் ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கான புரதம் ஊறியது. அந்த இனமே ஏரியில் இல்லாமலே போகும் நிலைக்கு வந்தது.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவள் என் நோட்டை வாங்கி எழுதிக்கொண்டாள். நம் எமரால்டு ஊர்ப் பக்கம் கேரட்டுக்கு அடிக்கிற பூச்சிமருந்து மழையோடு ஓடைக்குத்தான் இறங்குகிறது. அந்த ஓடை மீனின் பேரக்குஞ்சுக்கு என்ன ஆகும் என்று கேட்க நம் மலையிலிருந்தே ஒருத்தி படித்து வரட்டுமே என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

படிப்பின் பெயர் பி.எஃப்.எஸ்சி., மீன்வள அறிவியல். நான்கு வருடம். தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. தூத்துக்குடிக் கல்லூரி 1977லிருந்து நடக்கிறது. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு இந்தப் படிப்புக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். 28 லட்சத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். மேலே படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. மீன் மரபியலுக்கென்றே அங்கே முதுநிலைப் படிப்பு உண்டு. லக்னோவில் மீன் மரபு வளங்களுக்கென ஒரு தேசிய நிறுவனம், பீம்தாலில் குளிர்நீர் மீன்களுக்கென ஒன்று.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆராய்ச்சி வேலைக்கு முனைவர் பட்டம் வரை போக வேண்டும். கைநிறையச் சம்பளம் வர அவளுக்கு முப்பது வயதை நெருங்கிவிடும். அரசு மீன்வள ஆய்வாளர் பணிக்குத் தேர்வாணையம் வருடா வருடம் அறிவிப்பு விடுவதில்லை. இடையில் பொரிப்பகம், இறால் பண்ணை, தீவனக் கம்பெனி என்று வேலை பார்க்கலாம்; அவை பெரும்பாலும் கடலோரத்தில். "தூத்துக்குடி வெயில் இவளுக்கு ஒத்துக்குமா சார்?" என்று கேட்டீர்கள். முதல் வருடம் கஷ்டம்தான். விடுதியில் இருக்கும் மலைப் பிள்ளைகள் பழகிக்கொள்கிறார்கள், இவளும் பழகிக்கொள்வாள்.

விண்ணப்பத் தேதியை இந்த வாரமே பாருங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் திங்கட்கிழமை காலையிலேயே வாங்கிவிடுங்கள். ஏஜென்டிடம் முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். அண்ணன் கோபப்பட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.