இரண்டு கோட்டை, ஒரு பங்களா, ஒரு முழங்கால் வலி

கேள்வி: சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "அரையாண்டு விடுமுறையில் பக்கத்துக் கோட்டைகளையும் ஏற்காட்டுப் பழைய பங்களாக்களையும் குடும்பத்தோடு பார்க்க ஆசை. மகனுக்கு 12 வயது, மகளுக்கு 7. மாமியாருக்கு 66, முழங்கால் வலி. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனமில்லை. போன வருஷம் டிபன் முடித்து நிதானமாகக் கிளம்பிச் சங்ககிரிக்குப் போனோம். அடிவாரத்திலேயே மணி பத்தரை. பாதி மலையில் சின்னவள் உட்கார்ந்து அழ, எல்லோரும் திரும்பிவிட்டோம். எல்லோருக்கும் ஒத்துவருகிற மாதிரி எப்படித் திட்டம் போடுவது?"

முதலில் அந்தச் சங்ககிரியைப் பேசிவிடலாம். சின்னவள் மேல் தப்பே இல்லை. அது நிழலில்லாத பாறைமலை. மார்கழியில்கூடப் பதினோரு மணிக்கு மேல் பாறை தோசைக்கல்தான். அடுக்கடுக்காக வாசல்கள் வரும். ஒவ்வொரு வாசலிலும் "இதோடு முடிந்தது" என்று குழந்தை நினைக்கும். அதைத் தாண்டினால் மேலே இன்னொன்று நிற்கும். எதிரிப் படையைச் சோர்வடையச் செய்யக் கட்டியது, உங்கள் மகளையும் சோர்வடையச் செய்துவிட்டது. அவ்வளவுதான்.

பெரும்பாலான குடும்பங்கள் முதலில் இடத்தை முடிவு செய்கின்றன, அப்புறம் வீட்டு ஆட்களை அதற்குள் திணிக்கின்றன. நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். வீட்டில் யாருடைய கால் மெதுவானதோ அந்தக் காலை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டில் அது அத்தையின் கால். இன்னொன்று, ஒரு நாளைக்கு ஒரு கோட்டைக்கு மேல் வேண்டாம். ஒருமுறை என் அண்ணன் பிள்ளைகளைக் காலையில் நாமக்கல், மாலையில் சங்ககிரி என்று இழுத்துக்கொண்டு போனேன். இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. ஒரே ஒரு செல்போன் வெளிச்சத்தில், உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் கோட்டை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அதனால் முதல் ஞாயிறு ஆத்தூர். அம்மாபேட்டைக்காரர்களுக்கு இது வசதியான பக்கம். அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். மலை ஏற வேண்டியதில்லை. வசிஷ்ட நதிக் கரையில் சமதரையில் கட்டிய கோட்டை. லட்சுமண நாயக்கர் என்ற பாளையக்காரர் கட்டியது என்பார்கள். புதையல் கிடைத்து அந்தப் பணத்தில் கட்டினார் என்று ஊரில் ஒரு கதையும் உண்டு. புதையல் கதையைக் காரில் போகும்போதே சின்னவளுக்குச் சொல்லிவிடுங்கள், இறங்கியதிலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். அத்தை தன் வேகத்தில் நடந்து, முடியாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். மடக்கு நாற்காலி ஒன்று டிக்கியில் இருக்கட்டும். எந்தக் கோட்டையிலும் உட்கார வசதியான இடம் இருக்காது.

கிளம்பும் முன் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். கோட்டை என்றால் அவர்கள் மனதில் சிம்மாசனமும் அந்தப்புரமும்தான் இருக்கும். நம் பக்கத்துக் கோட்டைகளில் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் மதில், வாசல், கிடங்கு, கோயில். படை தங்கவும் தானியமும் வெடிமருந்தும் பத்திரப்படுத்தவும் கட்டிய இடங்கள் இவை. "ராஜா எங்கே தூங்கினார்?" என்று தேடினால் ஏமாற்றம்தான். "முற்றுகை போட்டால் உள்ளே இருந்தவர்கள் எதைச் சாப்பிட்டிருப்பார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு அனுப்புங்கள். குளத்தையும் கிடங்கையும் அவர்களே கண்டுபிடித்துவிட்டு ஓடி வருவார்கள்.

இரண்டாவது ஞாயிறு நாமக்கல். குடும்பமாகப் போக இந்த வட்டாரத்தில் இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், நல்ல சாலை. ஊர் நடுவில் ஒற்றைப் பாறை, உயரம் சுமார் 65 மீட்டர், உச்சியில் கோட்டை. பாறையைக் குடைந்த நரசிம்மர் குகைக்கோயிலும் ரங்கநாதர் குகைக்கோயிலும் அதே பாறையில் இருக்கின்றன, அதியமான் மரபினர் காலத்தவை. எதிரே 18 அடி உயர ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரை இல்லாமல் நிற்கிறார். அத்தையைக் கோயிலில் விட்டுவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு ஏறலாம். அவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார், நீங்கள் இறங்கி வருவீர்கள். யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுத்த மாதிரி இருக்காது. கோயில் மதியம் நடை சாத்திவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

ஏறும் வழியில் பாறையில் வெட்டிய படிகள் செங்குத்தாக இருக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடட்டும். முந்தின இரவு மழை பெய்திருந்தால் அன்றைக்கு மேலே போகவே போகாதீர்கள், கீழே உள்ள குகைக்கோயில்களோடு திரும்புங்கள். மேலே போனதும் பெரியவனை மதிலின் துப்பாக்கித் துளை ஒன்றில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாதிரித் துளைகள் உள்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் குறுகலாகவும் இருக்கும். உள்ளே நிற்பவன் துப்பாக்கியை இடமும் வலமும் திருப்பலாம், வெளியே இருப்பவனுக்கோ குறிவைக்க ஒரு கீற்றுதான் கிடைக்கும். இதை வாயால் விளக்கினால் பையன் கொட்டாவி விடுவான். "கீழே தெருவில் யார் போகிறார்கள், தெரிகிறதா பார்" என்றால் அரை மணி நேரம் அங்கேயே இருப்பான். ஆனால் இரண்டு பேரும் மதிலுக்கு உள்பக்கமாகத்தான் நிற்க வேண்டும். வெளி விளிம்புப் பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.

நேரமிருந்தால் ஊருக்குள் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நினைவு இல்லத்தையும் எட்டிப் பாருங்கள். 1930 உப்புச் சத்தியாக்கிரகப் படை பாடிக்கொண்டு நடந்த வழிநடைப் பாட்டை எழுதியவர். கோட்டைக்கு நேர் எதிரான அனுபவம் இது. சாதாரண வீடு, பத்து நிமிஷம் போதும்.

மூன்றாவது, ஏற்காடு. ஞாயிறு வேண்டாம், விடுமுறையில்தானே இருக்கிறார்கள், ஒரு செவ்வாய் புதன் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நகராது.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதோடு இந்தக் கோட்டைகளின் காலம் முடியத் தொடங்கியது. அதிகாரத்தில் இருந்தவர்கள் மதிலுக்குள் இருக்க வேண்டிய அவசியம் மெல்லக் குறைந்தது, குளிர்ச்சியான இடம் தேடினார்கள். 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கிரேஞ்ச் எஸ்டேட் கட்டடம் பார்க்கவே சின்னக் கோட்டை மாதிரி இருக்கும். கோட்டை தேவைப்படாத காலத்தில் ஆசைக்குக் கட்டிய கோட்டை என்று எனக்குத் தோன்றும். 1857 கலவரத்தின்போது ஒளிந்துகொள்ள நிலவறை கட்டினார்கள் என்றும் சொல்வார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் சங்கடப்படுகிறார்கள். ஏற்காட்டுப் பழைய பங்களாக்கள் பெரும்பாலும் தனியார் எஸ்டேட்டுக்குள் இருப்பவை. கேட் திறந்திருக்கிறதே என்று காரை உள்ளே விட்டால் வாட்ச்மேன் திருப்பி அனுப்புவார், அதுவும் நியாயம்தான். பங்களாவை உண்மையாகவே பார்க்க வேண்டுமென்றால் ஒரே வழி, தங்குவதற்கு விடுகிற பழைய தோட்ட பங்களா ஒன்றில் ஒரு இரவு தங்குவது. பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: தரைத்தளத்தில் அறை உண்டா, குளியலறையில் மேற்கத்திய டாய்லெட் உண்டா? பழைய கட்டடம் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உயரமான வாசல் படிகளைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அத்தைக்கு அந்த ஐந்து படிதான் பிரச்சினை.

உள்ளே போனால் கணப்பு அடுப்பு இருக்கும். "கூடத்தில் எதுக்கும்மா அடுப்பு?" என்று சின்னவள் கட்டாயம் கேட்பாள். அதிலிருந்து தொடங்குங்கள். குளிர் காய்வதற்குக் கூடத்தில் ஒன்று. சமையலறையோ புகையும் வேலைக்காரர்களும் கண்ணில் படாமல் பின்னால் தனியாக. சுற்றிலும் தாழ்வாரம், ஓடு வேய்ந்த கூரை, சிவப்புத் தரை. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று பார்த்தாலே அந்தக் காலம் புரிந்துவிடும். இரவு தங்க முடியாதவர்களுக்கு 1853இல் கட்டிய ஹோலி டிரினிட்டி தேவாலயம் போதும். வழிபாட்டு நேரம் இல்லாதபோது போய் அமைதியாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, சங்ககிரி? மூன்றையும் முடித்து, பிள்ளைகளுக்குக் கால் பழகிய பிறகு தை மாதத்தில் போங்கள். அத்தை அன்றைக்கு ஓய்வெடுக்கட்டும், அவரே "நீங்க போயிட்டு வாங்க" என்பார். வாசல் திறக்கிற நேரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொண்டு முதல் ஆளாக ஏறுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். எங்கே இருந்தாலும் பத்தரைக்கு இறங்கத் தொடங்குவது என்று கீழேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், அப்போது பாதியில் திரும்பினாலும் அது தோல்வி இல்லை. 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் இது என்பதைப் பெரியவனுக்கு ஏறும்போது சொல்லுங்கள். ஆடிப்பெருக்கன்று மட்டும் வேண்டாம், அவர் நினைவு நாள் என்பதால் கூட்டம் தாங்காது. ரயிலில் போனால் ஸ்டேஷன் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள்: சங்ககிரி துர்க். துர்க் என்றால் கோட்டை.

கடைசியாக வாந்தி விஷயம். ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள், பால் வேண்டவே வேண்டாம். செல்போனை வாங்கி வைத்துவிட்டு, வளைவு எண் பலகைகளைச் சத்தமாகப் படிக்கிற வேலையைச் சின்னவளுக்குக் கொடுங்கள். வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் குறையும். உங்கள் வீட்டிலிருந்து குப்பனூர் வழியும் உண்டு, அதில் வளைவுகள் குறைவு. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக் கருகுகிற வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்துப் பத்து நிமிஷம் நிறுத்துங்கள், ஆனால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கையில் முறுக்குப் பொட்டலம் இருப்பது குரங்குகளுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.