ஓநாய் பாட்டியை விழுங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

லூ என்கிற கோடை அனல்காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டது, பள்ளிக்கூடமும் மூடியாயிற்று. டெல்லிப் பிள்ளைகள் முழு நாளும் வீட்டுக்குள் என்பதால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி கதை சொல்வதைப் பற்றியே இருந்தன. இன்வெர்ட்டர் பேட்டரி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சொசைட்டியில் சனிக்கிழமை சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். சிவப்புத் தொப்பிப் பெண் கதையில் ஓநாய் பாட்டியை விழுங்கியதும் ஒரு அம்மா எழுந்து, "இதெல்லாம் வயலன்ஸ், பாட்டி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டதாகச் சொல்லுங்கள்" என்றார். மாற்றிவிடட்டுமா?
– இல்லத்தரசி, மயூர் விஹார்

பயந்தது பிள்ளையா, அந்த அம்மாவா? எனக்கென்னவோ அம்மா என்றுதான் படுகிறது. நீங்கள் சொன்னதே ஏற்கெனவே இளக்கப்பட்ட கதை என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. 1697-இல் பிரான்சில் பெரோ எழுதிய கதையில் பாட்டியையும் தின்று பேத்தியையும் தின்றதோடு ஓநாய் கதையை முடித்துவிடும். வேட்டைக்காரனும் கிடையாது, வயிற்றைக் கிழிப்பதும் கிடையாது. கடைசியில் ஒரு பாட்டு மட்டும் வரும், இனிக்க இனிக்கப் பேசுகிற ஓநாய்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று வயசுப் பெண்களுக்குச் சொல்கிற பாட்டு. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்டதில்தான் வேட்டைக்காரன் வந்து, கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றை வெட்டி இரண்டு பேரையும் உயிரோடு எடுக்கிறான். அப்புறம் அந்த வயிற்றில் கல்லை நிரப்புகிறார்கள்.

பழைய கதையை மாற்றலாமா என்று கேட்டால், மாற்றாமல் சொன்னவர்களே கிடையாது. யாருடைய வசதிக்காக மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. கிரிம் சகோதரர்களின் முதல் பதிப்பில், ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவிடத் திட்டம் போடுகிறவள் பெற்ற தாய். 1840 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவளும் முதலில் பெற்ற தாய்தான், 1819-இல் மாற்றாந்தாய். எந்தக் குழந்தையும் கேட்டு இது நடக்கவில்லை. நல்ல வீட்டு வரவேற்பறையில் வைக்கிற புத்தகத்தில் கெட்ட அம்மா இருக்கக் கூடாது என்று பெரியவர்களுக்குத் தோன்றியது, அவ்வளவுதான், பழியெல்லாம் இரண்டாம் தாரமாக வந்தவர்கள் தலையில் விழுந்தது. கோபுரத்தில் அடைபட்ட ராபுன்சலும் முதல் பதிப்பில் ஒன்றும் தெரியாத பெண்ணாக, "என் துணியெல்லாம் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது?" என்று தன்னை அடைத்து வைத்தவளிடம் கேட்பாள், அதையும் அடுத்த பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள். அதே சமயம் சிண்ட்ரெல்லாவின் அக்காமார் கண்ணைப் புறாக்கள் கொத்துகிற காட்சி பின்னால் சேர்த்தது! கர்ப்பம் கூடாது, கண்ணைக் கொத்தலாம். பெரியவர்களின் கூச்சம் எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

ஆகவே ஓநாய் விழுங்கட்டும். லபக் என்று ஒரே விழுங்கு, ரத்தம் வேண்டாம், அந்த இடத்தில் நின்று வர்ணிக்கவும் வேண்டாம். பிள்ளைகள் அந்த லபக்குக்குச் சிரிப்பார்கள். பயப்படுகிற பிள்ளை இருந்தால் மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள், விளக்கை அணைக்கிற நேரத்தில் இந்தக் கதையை எடுக்காதீர்கள். பாட்டியை அலமாரிக்குள் அனுப்பினால் ஓநாய் வெறும் விருந்தாளி ஆகிவிடும்.

பேரனுக்கு ஏழு வயது. தமிழ் புரிகிறது, பதில் எல்லாம் இந்தியில். அவனோடு கதை கேட்க வருகிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கோ தமிழே தெரியாது. கலந்து சொல்வது தப்பா?
– ஓய்வு பெற்றவர், ஆர்.கே.புரம்

தப்பே இல்லை ஐயா, தாராளமாகக் கலங்கள். நடந்ததைச் சொல்லும் பகுதி எந்த மொழியில் இருந்தாலும் சரி, திரும்பத் திரும்ப வருகிற அடியைத் தமிழில் விடுங்கள். பேரை மறந்துபோன ஈயின் கதை உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே" என்று ஆரம்பித்து மேய்ப்பவன், அவன் கைக் கோல், கோல் வந்த மரம், மரத்துக் கொக்கு, கொக்கு நிற்கும் குளம் என்று ஒவ்வொருவரிடமாக ஈ தன் பேரைக் கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு தடவையும் பழைய பட்டியல் முழுக்கத் திரும்ப வருகிறதல்லவா, மூன்றாவது சுற்றிலேயே தமிழ் தெரியாத பிள்ளையும் கூடவே சொல்ல ஆரம்பித்துவிடும். கடைசியில் குதிரை "ஈஈஈ" என்று கனைப்பதற்கு எந்த மொழியும் தேவையில்லை. இந்த மாதிரிச் சங்கிலிக் கதைகள் பல நாடுகளில் இருக்கின்றன, வடக்கே பருப்புத் தானியத்தைப் பறிகொடுத்த குருவியின் கதையும் இதே ஜாதிதான். எதிர் ஃபிளாட் பிள்ளைகளை அதைச் சொல்லச் சொல்லுங்கள், பதிலுக்குப் பதில்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ராட்சசனுக்கு மட்டும் இந்தி கொடுத்துவிடாதீர்கள், டெல்லியில் குடியிருக்க வேண்டாமா?

சிண்ட்ரெல்லா இளவரசனுக்காகக் காத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவள் கேக் கடை வைத்து முன்னுக்கு வந்தாள் என்று மாற்றிச் சொன்னேன். வகுப்பில் ஒரு பிள்ளை முகத்திலும் சுரத்தே இல்லை. ஏன்?
– ஆசிரியை, துவாரகா

கேக் கடையில் செருப்பு எங்கே? அந்தக் கதையின் உயிர் கல்யாணத்தில் இல்லை, அடுப்பங்கரையில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத பெண்ணை ஊர் முன்னால் இவள்தான் என்று அடையாளம் காண்கிற நிமிடத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அங்கே சுயதொழில் பாடத்தை வைத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள், பாவம்.

புதிதாக யோசிப்பதற்கு முன்னால், ஏற்கெனவே இருக்கிற வேறு வடிவங்களைப் பாருங்கள். இந்தக் கதைக்குப் பல நாடுகளில் ரேஷன் கார்டு உண்டு. சீனாவில் 9ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதி வைத்த யே ஷியன் என்ற பெண்ணின் கதையில் தேவதை கிடையாது, மீன். அவள் கஞ்சியில் மிச்சம் பிடித்து வளர்க்கிற மீன் பத்தடிக்கு மேல் வளர்ந்து, அவள் குளக்கரைக்கு வந்தால் மட்டும் தலையைத் தூக்கும். மாற்றாந்தாய் அவளைத் தூரத்துச் சுனைக்குத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, அவள் பழைய துணியைத் தான் உடுத்திக்கொண்டு மீனை ஏமாற்றி வெளியே வரவைத்து வெட்டிச் சமைத்துவிடுகிறாள். எலும்பை எடுத்து ஒளித்துவைத்தால் கேட்டது கிடைக்கும் என்று வானத்திலிருந்து இறங்கிய ஒருவர் சொல்ல, மீன்கொத்தி இறகு ஆடையும் பொற்செருப்பும் வருகின்றன. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு. அவளைக் கட்டிக்கொண்ட ராஜா பேராசையில் அந்த எலும்புகளிடம் நகையாகக் கேட்டுக்கொண்டே இருக்க, அடுத்த வருஷம் எலும்புகள் ஒன்றும் தராமல் நின்றுவிடுகின்றன. இளவரசன் கிடைத்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்தக் கதையே நம்பவில்லை, பாருங்கள்.

இன்னொன்று. பெரோவின் வடிவத்தில் கண்ணாடிச் செருப்பு காலுக்குச் சரியாகப் பொருந்தியதும் சிண்ட்ரெல்லா தன் பையிலிருந்து மற்றச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்! யாரும் வந்து காப்பாற்றுவார்கள் என்று உட்கார்ந்திருந்தவள் ஏன் அதைப் பையிலேயே வைத்திருக்கப் போகிறாள்? உங்களுக்கு வேண்டிய பெண் அங்கேயே நிற்கிறாள், அந்த நிமிடத்தைப் பெரிதாக்கிச் சொல்லுங்கள். அக்காமாரை என்ன செய்வது என்பதிலும் உங்களுக்கு இடம் இருக்கிறது. பெரோவின் சிண்ட்ரெல்லா மன்னித்து அவர்களுக்கும் கல்யாணம் செய்து வைக்கிறாள், கிரிம் கதையில் கண் போகிறது, சீனத்தில் மாற்றாந்தாயும் அவள் மகளும் பறந்து வந்த கற்கள் அடித்துச் சாகிறார்கள்.

பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்த கீரியைத் தாயே கொன்றுவிடும் கதை நம் ஊர்க் கதையா? வேல்ஸ் நாட்டில் இதே கதையில் நாய் வருகிறதாமே. என் மகள் கீரியைப் பிழைக்க வைக்கச் சொல்லி அழுகிறாள்.
– வாசகர், ஜனக்புரி

வேல்ஸில் வருவது கெலெர்ட் என்ற வேட்டை நாய். லிவெலின் இளவரசனின் பிள்ளையை ஓநாயிடமிருந்து அது காப்பாற்ற, வாயில் ரத்தத்தைப் பார்த்த அவன் பிள்ளையைத் தின்றுவிட்டதென்று நினைத்துக் குத்திவிடுகிறான். பெத்கெலெர்ட் என்ற ஊரில் அதற்குச் சமாதிகூட இருக்கிறது, ஆனால் அது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊர் விடுதிக்காரர் ஆள் வரட்டும் என்று எழுப்பியது என்கிறார்கள். கதை அதைவிட எவ்வளவோ பழையது. நம் ஊர்க் கீரிக் கதை இருக்கிற பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய் பஹ்லவி மொழியில் ஏறியது, 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃபா அதை அரபியில் எழுதினார், அங்கிருந்து எபிரேயம், லத்தீன் என்று ஐரோப்பா முழுக்கப் பரவியது. கீரியைப் பார்த்திராத ஊர்களில் அது மரநாய் ஆயிற்று, நாய் ஆயிற்று.

பிரான்சில் லியோன் நகரத்துப் பக்கம் நடந்தது இன்னும் வேடிக்கை. 13ஆம் நூற்றாண்டில் எத்தியேன் என்ற பாதிரியார் அங்கே போனபோது, பெண்கள் நோய்ப்பட்ட குழந்தைகளை கினிஃபோர் என்ற புனிதரின் இடத்துக்குத் தூக்கிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யார் அந்தப் புனிதர் என்று விசாரித்தால், பாம்பைக் கொன்று எஜமான் கையால் செத்த நாய்! எலும்பைத் தோண்டி எரிக்கச் செய்தார், மரங்களையும் வெட்ட வைத்தார். பெண்கள் கேட்டால்தானே, அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

நம்மிடம் சிலப்பதிகாரத்திலேயே இது இருக்கிறது. அடைக்கலக் காதையில் மதுரைக்குப் புறத்தே கோவலனைப் பார்க்கும் மாடலன் என்ற மறையவன் அவன் செய்த நல்லதை எல்லாம் சொல்லும்போது, கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண் வருகிறாள். அவள் கையால் சாப்பிடக் கூடாதென்று கணவன் விட்டுவிட்டு வடக்கே போய்விட, அவன் கொடுத்த ஏட்டை வைத்துக்கொண்டு அவள் புகாரின் வணிகர் வீதிகளில் வீடு வீடாக நிற்கிறாள். கோவலன் கூப்பிட்டுக் கேட்டு, பாவம் தீர வேண்டிய தானத்துக்குப் பொருள் கொடுத்து, கணவனையும் திரும்பச் சேர்த்துவைக்கிறான். நாம் கதை முடிந்தது என்று எழுந்துபோகிற இடத்தில் இளங்கோ ஆரம்பிக்கிறார்: தப்புச் செய்துவிட்ட அவளுக்கு மறுநாள் என்ன ஆயிற்று?

கீரி பிழைக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பிழைத்தால் அவசரப்பட்டதற்கு விலையே இல்லாமல் போய்விடும், மகள் அழுவதை நிறுத்துவாள், அப்படியே கதையையும் மறந்துவிடுவாள். அழட்டும், அப்புறம் அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நீட்டுங்கள். வேண்டுமானால் கீரியைப் புதைத்த இடத்தில் மகளையே ஒரு செடி நடச் சொல்லுங்கள்.

ஆப்பிரிக்காவின் அனான்சி சிலந்திக் கதைகளைச் சொல்ல ஆசை. நமக்குச் சம்பந்தமில்லாத மக்களின் கதையைச் சொல்வது சரியா?
– இளைஞர், சாகேத்

சொல்லுங்கள், யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கானா பக்கத்து அகான் மக்களின் சிலந்தி அது. உலகத்துக் கதையெல்லாம் வானத்துக் கடவுள் நியாமேயின் வசம் இருந்தபோது, மலைப்பாம்பு, குளவிக் கூட்டம், சிறுத்தை என்று கேட்ட விலையைத் தந்திரத்தால் பிடித்துக் கொடுத்து வாங்கி வந்தது. அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு ஜமைக்காவுக்கும் போயிற்று. கரும்புத் தோட்டத்தில் சாட்டையடி வாங்குகிறவன், பலமில்லாத ஒன்று பலசாலியை ஏய்க்கிற கதையை ராத்திரியில் சொல்லும்போது அது வெறும் தமாஷ் இல்லை. பிள்ளைகளிடம் இதை நீட்டி முழக்க வேண்டாம், "கப்பலில் கட்டிக் கொண்டுபோனவர்கள் சொன்ன கதை" என்ற ஒரு வரி போதும். மற்றதை அவர்களே கேட்பார்கள்.

பெரியவர்களுக்கு யாராவது இன்று கதை சொல்கிறார்களா? ஃபோனைக் கீழே வைக்கிறவர்களையே காணோம்.
– வாசகி, கரோல் பாக்

உங்கள் வீட்டிலிருந்து பழைய டெல்லிக்கு எவ்வளவு தூரம்? அங்கேதான் தாஸ்தான்கோ என்ற கதைசொல்லிகள் அமீர் ஹம்சா என்ற வீரனின் சாகசங்களை இரவு இரவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அதை அச்சிட்டபோது 46 தொகுதி ஆயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெரிய தாஸ்தான்கோ மீர் பாக்கர் அலி 1928-இல் இறந்ததோடு அந்தக் கலையே போய்விட்டது என்று எழுதிவிட்டார்கள், 2005-இல் இதே டெல்லியில் அதைத் திரும்பவும் மேடையேற்றினார்கள். வெள்ளை உடையில் இரண்டு பேர் உட்கார்ந்து வெறும் குரலில் சொல்வதுதான், செட்டும் கிடையாது, வாத்தியமும் கிடையாது. உருது பாதி புரியாவிட்டாலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கிரிம் கதைகளைத் தமிழில் சொல்லி யூடியூபில் போடலாமா? கேஸ் வருமா?
– கல்லூரி மாணவர், டெல்லி

கதை பொதுச்சொத்து. நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருஷம் கழித்து உரிமை முடிகிறது, கிரிம் சகோதரர்களில் இளையவர் 1859-இலும் மூத்தவர் 1863-இலும் போய்விட்டார்கள். ஆனால் நீங்கள் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கிற தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கும், அதை வரிக்கு வரி வாசிக்காதீர்கள். படித்து மூடிவிட்டு உங்கள் வாயால் சொல்லுங்கள். சினிமாவில் வந்ததையும் தொடாதீர்கள், கிரிம் கதையில் ஏழு குள்ளர்களுக்குப் பெயரே கிடையாது, டோப்பி, கிரம்பி எல்லாம் 1937-இல் வந்த டிஸ்னி படத்துச் சரக்கு. பதிவு செய்யும்போது கூலரை நிறுத்திவிடுங்கள், போன வாரம் நீங்கள் அனுப்பிய மாதிரியில் ஓநாயைவிட அதுதான் அதிகமாக உறுமுகிறது.