விளக்குமாற்றுக் கட்டும் பூவரசங் கிண்ணமும்

அன்புள்ள சார்,

மரக்கடைசல் பழகியதைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த அன்று பிடித்த பித்து இது. எனக்கு வயது 52, வங்கி வேலை. காம்பவுண்டுச் சுவர் கட்டுவதற்காகக் கொல்லையில் நின்ற பூவரசை வெட்டினோம். விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பத்து அங்குல அகலம் வரை கடையக்கூடிய சிறிய லேத் ஒன்றும் எட்டு உளிகள் அடங்கிய பெட்டி ஒன்றும் வாங்கிவிட்டேன்.

மூன்று மாதத்தில் நான்கு கிண்ணங்கள். முதல் கிண்ணம் முடிந்தது. ஆனால் உட்புறத்தில் எதிரெதிராக இரண்டு இடங்கள் பூனை நாக்குபோலச் சொரசொரப்பு. எவ்வளவு உப்புத்தாள் போட்டும் போகவில்லை. இரண்டாவது அழகாக வந்தது. பத்தே நாளில் முட்டை வடிவமாகி, விளிம்பிலிருந்து அடிவரை வெடித்துவிட்டது. மூன்றாவதிலும் நான்காவதிலும் உளி சட்டென்று சிக்கிக் கட்டை பிய்த்துக்கொண்டு பறந்தது. நான்காவது, நான் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதியது. "கைகால் முழுசா இருக்கும்போதே நிறுத்திருங்க" என்கிறாள் மனைவி. ஊரிலிருக்கும் கடைசல் ஆசாரியிடம் போனால், "கிண்ணத்துக்கு எதுக்கு சார் லேத்து? பாத்திரக்கடைதான் இருக்கே" என்று சிரிக்கிறார்.

கோளாறு என் கையிலா, வயதிலா, கருவியிலா? கட்டையைக் கவ்விப் பிடிக்கும் விலை கூடிய சக் ஒன்று வாங்கினால் சரியாகுமா? கிண்ணத்துக்கு மேலே என்ன பூசுவது? படங்கள் இணைத்திருக்கிறேன்.

எஸ்., தென்காசி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மூன்றாவது படத்தில் லேத்தின் பக்கத்தில் ஓர் உளி கிடக்கிறது. அகலமாக, குழாயை நீளவாக்கில் பிளந்து வைத்ததுபோலக் குழிந்தது. கட்டை பறந்தபோது கையில் இருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அதை இன்றைக்கே கிண்ண வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள். அதற்கு ஸ்பிண்டில் ரஃபிங் கௌஜ் என்று பெயர். சதுரக் கட்டையை உருளையாக்குவதற்கு மட்டும் செய்தது. வெளியே தெரியும் இரும்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், கைப்பிடிக்குள் போகும் வால் மெலிந்தது. கிண்ணத்தில் அது சிக்கினால் வால் முறிந்து இரும்பு முகத்துக்கு வரலாம். பெட்டியில் எட்டு உளி போட்டு விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. உங்களுக்குப் பறந்தது கட்டை மட்டும்தான் என்பதை உங்கள் மனைவியிடம் சொல்ல வேண்டாம்.

இனி உங்கள் கேள்விகள். சொரசொரப்பு, வெடிப்பு, முட்டை வடிவம், உளி சிக்குவது என்று நான்கு கோளாறுகளை எழுதியிருக்கிறீர்கள். நான்குக்கும் வேர் ஒன்றுதான்.

வீட்டில் ஈர்க்கு விளக்குமாறு இருக்குமல்லவா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் என்பது அப்படி ஒரு கட்டு. ஈர்க்கு எல்லாம் வேரிலிருந்து உச்சிக்கு ஒரே வாக்கில் ஓடுகிறது. கட்டில் கால் கடையும்போது அந்தக் கட்டு தன் நீளத்தையே அச்சாக வைத்துச் சுழல்கிறது. உளி எப்போதும் ஈர்க்குகளின் பக்கவாட்டைத்தான் சந்திக்கும். கிண்ணம் அப்படியல்ல. விளக்குமாற்றைக் குறுக்காக நடுவில் பிடித்து விசிறிபோலச் சுற்றுவதாக நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பக்கவாட்டு வரும், இரண்டு முறை ஈர்க்கின் நுனிகள் வரும். நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் 1,600 தடவை உளி நுனிகளைச் சந்திக்கிறது. உங்கள் முதல் கிண்ணத்தில் சொரசொரப்பு ஏன் எதிரெதிராக இரண்டே இடத்தில் இருக்கிறது என்பது இப்போது தெரியும். அங்கே நார் வெட்டுப்படவில்லை, பிடுங்கப்பட்டிருக்கிறது. பிடுங்கின பள்ளத்தை உப்புத்தாளால் நிரப்ப முடியாது.

உங்கள் ஊர் ஆசாரி சிரித்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அவருக்குக் கட்டில் கால், பூரிக்கட்டை, தொட்டில் கம்பு எல்லாம் நீளவாக்கு வேலை. அவர் கையில் சாய்ந்த முனையுள்ள தட்டை உளி வெண்ணெயில் போவதுபோலப் போகும். அதே உளியைக் குறுக்குக் கட்டையில் வைத்தால் அவருக்கும் சிக்கும். அவரிடம் போய் உட்காருங்கள், ஆனால் கிண்ணம் கேட்காதீர்கள். கேட்க வேண்டியது வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நுனிகளைப் பிடுங்காமல் வெட்ட ஒரே வழிதான் உண்டு. வெட்டுப்படும் ஈர்க்குக்குப் பின்னால் தாங்கிக்கொள்ள இன்னொரு ஈர்க்கு இருக்க வேண்டும். அதனால் கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கிக் கடைய வேண்டும். அதாவது சிறிய வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்கு. உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கு. எந்த வீடியோவிலும் இதைக் கவனிக்கலாம், ஆனால் ஏன் என்று தெரியாமல் பார்த்தால் கை அவசரத்தில் எதிர்வாக்கில் போய்விடும். இழைப்புளியை எதிர்நாரில் ஓட்டிய தச்சனுக்கு என்ன நடக்குமோ அதுதான் நடக்கும்.

உளி சிக்குவதற்கு இன்னொரு காரணம், வெட்டும் முனை முதலில் மரத்தைத் தொடுவது. உளி முதலில் லேத்தில் அதற்கென்று இருக்கும் தாங்கியின் மேல் உட்கார வேண்டும். அடுத்து, சாணை பிடித்த சரிவின் குதிகால், அதாவது வெட்டும் முனைக்கு எதிர்ப்பக்க ஓரம், மரத்தைத் தொட்டு உராய வேண்டும். இந்த நிலையில் ஒன்றும் வெட்டாது, சத்தம் மட்டும் கேட்கும். பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் சுருள் வரத் தொடங்கும். அந்தச் சரிவு மரத்தில் பட்டுக்கொண்டே இருக்கும்வரை உளி தன் இஷ்டத்துக்கு உள்ளே பாய முடியாது. இதற்கு வேண்டியது பவுல் கௌஜ் என்ற ஒரே உளி. தடிமனான உருண்டைக் கம்பியில் ஆழமான பள்ளம் வெட்டியதுபோல இருக்கும். உங்கள் எட்டு உளிகளின் விலையில் அதில் ஒன்று வாங்கியிருக்கலாம். போகட்டும், நானும் பெட்டிதான் வாங்கினேன்.

சாணைக்கு வருகிறேன். நான் பழக ஆரம்பித்தபோது பக்கத்து ஊரில் வயதான கடைசல் ஆசாரி ஒருவரின் பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் என் புது உளியைக் கையில் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் முனையை நேராகப் பிடித்துப் பார்த்தார். "வெள்ளையா ஒரு கோடு தெரியுதா?" என்றார். தெரிந்தது. "கூர் இருந்தா கோடு தெரியாது. தெரியுறது மொண்ணை." அவ்வளவுதான் அன்றைய பாடம். அவர் பேசிக்கொண்டே நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாணைக்கல் பக்கம் திரும்புவார். வெற்றிலை எடுப்பதுபோல, தான் செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். நான் ஒரு கிண்ணத்துக்கு ஒரு தடவை சாணை பிடித்துக்கொண்டிருந்தேன். மொண்ணை உளி வெட்டாது. வெட்டாதபோது நாம் அழுத்துகிறோம். அழுத்தும்போது அது சிக்குகிறது. உங்கள் ஆசாரியிடம் கேட்க வேண்டியது இதைத்தான். சாணை பிடிப்பதை மட்டும் சொல்லித் தாருங்கள் என்று கேளுங்கள். சிரிக்க மாட்டார்.

உங்கள் பெட்டியில் இருப்பது கார்பன் எஃகு என்றால், சாணைச் சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடியுங்கள். ஹைஸ்பீடு எஃகு என்றால் அந்தப் பயம் இல்லை, தண்ணீரும் வேண்டாம். சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டுக் கல்லில் தொட்டுப் பாருங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. எனக்கு இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய விஷயம் இது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் வர வேண்டும். எட்டு அங்குலக் கட்டை என்றால் 750 முதல் 1,100 வரை. அது கட்டை சமநிலைக்கு வந்த பிறகு. கோணல்மாணலாக இருக்கும்போது லேத்தின் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேராக நிற்காதீர்கள். நான் நின்றேன். புருவத்தில் நான்கு தையல். முகம் முழுக்க மறைக்கும் கவசம் வேண்டும், வெறும் கண்ணாடி போதாது. தோளில் துண்டு, வேட்டி, கழுத்துச் சங்கிலி, தொளதொளத்த முழுக்கை எதுவும் கூடாது. கையுறை கூடவே கூடாது. விரலோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

வேகம்தான் கடைசல் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மூர்ப் பழைய கடைசலில் ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பார். கட்டை ஒரு வாக்கில் சுழலும்போது மட்டுமே வெட்டு. இங்கிலாந்தின் பக்கில்பரியில் ஜார்ஜ் லெய்லி என்பவர் 1958-இல் சாகும்வரை காலால் மிதிக்கும் கழி லேத்தில் கிண்ணம் கடைந்தார். ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்களைக் கழற்றி எடுப்பார். அவருடைய லேத்தும் வளைந்த உளிகளும் ரெடிங் நகரிலுள்ள ஆங்கிலேயக் கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்கு மோட்டாரும் கிடையாது, சக்கும் கிடையாது.

ஆக, சக் இப்போது வேண்டாம். லேத்துடன் வந்த வட்டத் தகடு போதும். அடிப்பக்கத்தில் ஓர் அங்குலம் மரத்தைக் கூடுதலாக விட்டு, அதில் தகட்டைத் திருகாணியால் முடுக்குங்கள். வேலை முடிந்ததும் அந்த அங்குலத்தை அறுத்துத் தள்ளிவிடலாம். திருகாணி தடித்ததாக இருக்கட்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு அடிக்கும் கறுப்புத் திருகாணி பட்டென்று முறியும்.

இரண்டாவது கிண்ணத்துக்கு வருவோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெடிப்பு தொடங்கும் இடத்தில் மரத்தின் நடுப்புள்ளி, வளையங்கள் தொடங்குமே அது, கிண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது. உருண்டைத் தடியை அப்படியே மாட்டியிருக்கிறீர்கள். நடுப்புள்ளி உள்ளே இருந்தால் பெரும்பாலும் வெடிக்கும். தடியை அதன் விட்டத்தைவிடச் சற்றுக் கூடுதல் நீளத்தில் அறுத்து, நடுப்புள்ளி வழியே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அந்த நடுப்பகுதியைச் சீவி எறிந்துவிட்டுத்தான் கடைய வேண்டும். ஒரு தடிக்கு இரண்டு கிண்ணம்.

முட்டை வடிவத்துக்கும் அதே ஈர்க்குக் கட்டுதான் காரணம். பச்சை மரம் காயும்போது ஈர்க்குகள் ஒவ்வொன்றும் மெலிகின்றன, நீளத்தில் ஏறக்குறையக் குறைவதே இல்லை. அதனால் குறுக்கே சுருங்கி, நெடுக்கே அப்படியே நிற்கிறது. வளையங்களின் சுற்றுவாக்கில் சுருங்குவது ஆரவாக்கில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதைத் தடுக்க முடியாது, முந்திக்கொள்ளலாம். பச்சையில் ஒருமுறை தடிமனாகக் கடையுங்கள். சுவர்த் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. எட்டு அங்குலக் கிண்ணத்துக்கு 20 மில்லிமீட்டர். அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பைக்குள் போட்டு நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு அடியில் பென்சிலால் எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. எனக்குப் பூவரசு நான்கு மாதம் எடுத்தது. அதன் பிறகு மறுபடி மாட்டி, கோணலைக் கடைந்து நேராக்குங்கள். சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் கிடைத்தால் விடாதீர்கள். அது மிகக் குறைவாகத்தான் சுருங்கும், தொடங்குகிறவனை மன்னிக்கும் மரம். வாகையைக் கடைந்தால் தும்மித் தீர்ப்பீர்கள். தென்னை, பனை பக்கமே போக வேண்டாம்.

ஒரு விஷயத்தில் உங்கள் ஆசாரியோடு எனக்குச் சண்டை. கிண்ணம் மரத்தில் எதற்கு என்றாரே! உப்பு மரவை இல்லாத அடுக்களை நம் பாட்டிமார் காலத்தில் ஏது? உப்பும் புளியும் உலோகத்தைத் தின்றுவிடும் என்றுதான் மரத்தில் வைத்தார்கள். குடைந்ததும் உண்டு, கடைந்ததும் உண்டு. நீங்கள் வெட்டிய பூவரசை ஹவாய்த் தீவில் மிலோ என்பார்கள். மரத்தின் ருசி உணவில் ஏறாது என்பதால் அங்கே பழங்காலந்தொட்டு உணவுக் கலங்கள் செய்த மரம் அது. விறகுக்குப் போடாததற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு.

பூசுவதற்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம். காயாமல் அப்படியே இருந்து சிக்கடிக்கும். சமையலுக்கு விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் உலர நாட்கள் கொடுங்கள். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். சன்னபட்டணாவிலும் அம்பாசமுத்திரத்திலும் செய்வதுபோல அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தி, உராயும் சூட்டில் உருக்கி ஏற்றுவது இன்னும் அழகு. அதற்கு அவசரமில்லை.

அடுத்த ஐந்து கிண்ணங்களை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கடைந்து முடித்ததும் வாளால் நடுவில் அறுத்துவிடுங்கள். வெட்டுமுகத்தைப் பார்த்தால் சுவர் எங்கே தடித்திருக்கிறது, அடி எங்கே மெலிந்திருக்கிறது, வளைவு எங்கே முறிந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். அறுக்கப் போகிறோம் என்று தெரிந்தால் கையும் பயப்படாது. உங்கள் வயதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் தொடங்கியது 56 வயதில்.

கொல்லையில் மிச்சத் தடிகள் கிடப்பது படத்தின் ஓரத்தில் தெரிகிறது. வெட்டி மூன்று மாதமென்றால் நுனிகள் இதற்குள் கீறியிருக்கும். கீறல் மறையும்வரை இரண்டு, மூன்று அங்குலம் அறுத்துத் தள்ளி, நடுவில் பிளந்து, வெட்டுமுகங்களில் உருக்கிய மெழுகு பூசுங்கள். மெழுகுவர்த்தி போதும். இன்று மாலையே செய்தால் நல்லது. தென்காசிக் காற்று நாளை வரை காத்திருக்காது.