கெட்டிஸ்பர்க்கும் ஒரு டியூபும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி வாசித்துவருகிறேன். கெட்டிஸ்பர்க்கில், லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் தோட்டா தீர்ந்ததும் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாயச் சொன்னவர் வடக்குப் படை அதிகாரி ஜோஷுவா சேம்பர்லெய்ன் என்கிறார்கள். அவர் சொல்லும் முன்பே கீழதிகாரிகள் பாய்ந்துவிட்டார்கள் என்பவர்களும் உண்டு. எது உண்மை? அவர் மாவீரர்தானா?

எம்.

அன்புள்ள எம்.,

1863 ஜூலை 2 சாயங்காலம், அந்தப் புகையிலும் இரைச்சலிலும் யார் முதலில் கத்தினார் என்று இனி யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. பாய்ந்தார்கள், குன்று தப்பியது. சரி, விடுங்கள். மாவீரரா என்று கேட்கிறீர்களே, வரலாறு வாசிக்கிறீர்களா, கட்-அவுட் வைக்க ஆள் தேடுகிறீர்களா?

எனக்குள் கொஞ்ச காலமாக ஓடிக்கொண்டிருப்பவர் அதே மனிதருக்குள் இருக்கும் வேறொரு சேம்பர்லெய்ன். 1864 ஜூன் 18, அதே போரில் பீட்டர்ஸ்பர்க் சண்டை. வலது இடுப்பில் நுழைந்த குண்டு, மூத்திரப்பையைக் கிழித்துக்கொண்டு இடது பக்கம் வரை போனது. சாகப்போகிறவர்தானே என்று வடக்குப் படைகளின் தலைமைத் தளபதி கிராண்ட் அங்கேயே அவரைப் பிரிகேடியர் ஜெனரல் ஆக்கினார். பத்திரிகைகளில் மரணச் செய்தியும் வந்துவிட்டது. மனிதர் பிழைத்தார். ஆனால் மூத்திரம் போக வைத்த டியூபே உள்ளே அரித்து, ஆறாத துளையாகிவிட்டது. கசிவு, சீழ், காய்ச்சல், திரும்பத் திரும்ப ஆபரேஷன்.

என் அப்பாவும் கடைசிக் காலத்தில் டியூபோடு இருந்தார். யாராவது பார்க்க வந்தால் பையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். வலியைக்கூடச் சொல்லிவிடுவார், கூச்சத்தைச் சொல்ல மாட்டார். உங்களுக்குச் சின்ன வயது, கடிதத்திலேயே தெரிகிறது. இதெல்லாம் இப்போது புரிய வேண்டியதில்லை.

அந்த உடம்போடுதான் சேம்பர்லெய்ன் தன் மெய்ன் மாநில ஆளுநர் தேர்தலில் நான்கு முறை ஜெயித்தார். அங்கே அப்போது ஆளுநர் பதவி ஒரு வருடம்தான். பிறகு 1883 வரை போடின் கல்லூரித் தலைவர். 1880 ஜனவரியில் தேர்தல் தகராறு முற்றி, மாநிலத் தலைநகர் அகஸ்டாவில் இரு தரப்பும் ஆயுதத்தோடு நின்றபோது, மாநிலப் படைத் தலைவராக அமைதி காத்ததும் அதே உடம்புதான். கொல்வோம் என்று மிரட்டல். படையைக் குவி என்று சொந்தக் குடியரசுக் கட்சிக்காரர்களின் நெருக்கடி வேறு. மறுத்துவிட்டு, நீதிமன்றம் சொல்லும்வரை பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தார். தீர்ப்பு அவர் கட்சிக்கே சாதகமாக வந்தது. ஆனால் அவரைச் செனட்டுக்கு அனுப்பக் கட்சிக்கு மனம் வரவே இல்லை.